எட்டுத் துண்டு மூளை மாதிரி: வண்ணம் சிந்திய இடம்

இரண்டு ஆண்டுகளாக என் மேசையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். இயல்பு அளவில் வார்க்கப்பட்ட, எட்டுத் துண்டுகளாகக் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மூளை மாதிரி அது. பக்கவாதத்துக்குப் பின் பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழில். நோயாளியின் வீட்டாருக்கு நடந்ததைக் கையில் கொடுத்து விளக்கலாம் என்று எண்ணி இதை வாங்கினேன். இப்படிப்பட்ட மாதிரியைத் தேடுபவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், ஆசிரியர்கள், என்னைப் போன்ற பயிற்றுநர்கள் ஆகியோராகத்தான் இருப்பார்கள். ஆகவே காந்தம் பிடிக்கிறதா, வண்ணம் உரிகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், உடலை அசைக்கும் பகுதிகளும் மொழியைக் கையாளும் பகுதிகளும் மூளைக்குள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இந்த மாதிரி எந்த அளவுக்குச் சொல்கிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன்.

முதலில் பொருளின் தரம். நடுக்கோட்டில் இரண்டு அரைக்கோளங்களாகப் பிரியும். ஒவ்வோர் அரைக்கோளமும் மேலும் நான்காகக் கழலும். நெற்றி மடலும் உச்சி மடலும் சேர்ந்த மேல்துண்டு, பொட்டு மடலும் பிடரி மடலும் சேர்ந்த கீழ்த்துண்டு, மூளைத்தண்டின் பாதி, சிறுமூளையின் பாதி என்பது பகுப்பு. காந்தங்கள் வலுவானவை. ஒருமுறை மேசையிலிருந்து உருண்டு விழுந்தபோது மூளைத்தண்டுத் துண்டு மட்டும் தெறித்து ஓடியதே தவிர எதுவும் உடையவில்லை. மடிப்புகள் ஆழமாக வார்க்கப்பட்டிருப்பதால் விரல் நுனியால் தடவியே எண்ணலாம். உண்மையான மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். இது அதில் பாதிகூட இல்லை என்பதால், கையில் வாங்குபவர்கள் 'இவ்வளவுதானா' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பெயின்ட் வாடை போக ஒரு மாதம் பிடித்தது.

சிக்கல் வண்ணத்தில் இருக்கிறது. இடப்பக்க மேல்துண்டில் இயக்கப் புறணி (புறணி என்பது மூளையின் வெளியடுக்கு) சிவப்பு, அதற்குப் பின்னால் தொடுவுணர்வுப் பட்டை நீலம், நெற்றி மடலின் கீழ்மடிப்பில் புரோக்கா பகுதி மஞ்சள். கீழ்த்துண்டில் வெர்னிக்கே பகுதி பச்சை. கூடவே வரும் அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொல்: சிவப்புக்கு 'அசைவு', மஞ்சளுக்குப் 'பேச்சு', பச்சைக்குப் 'பொருள் உணர்தல்'. நிலப்படத்தில் நாடுகளைப் பிரித்துக் காட்டுவதுபோல எல்லைகள் கறாராக இருக்க வேண்டும் என்பதே தயாரித்தவர்களின் நோக்கம். என் கைக்கு வந்த மாதிரியிலோ மஞ்சள் சற்றுப் பின்னோக்கி வழிந்து சிவப்பின் கீழ்முனையில் ஏறி, நகக்கண் அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டையை உண்டாக்கியிருந்தது. பார்த்தவுடன் எரிச்சல் வந்தது. படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பி, மாற்றுத் துண்டு வேண்டும் என்று கேட்டேன். பதில் வரத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில்தான் அந்தப் பட்டை இருக்கும் இடத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினேன்.

'பேச்சு' என்று பெயரிடப்பட்ட மஞ்சள் பகுதிக்குப் பெயர் தந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. 1861-இல் பாரிஸில், 'டான்' என்ற ஒரே அசையைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாத லெபோர்ன் என்ற நோயாளி இறந்தபின், அவருடைய மூளையின் இடது நெற்றி மடலில் சிதைவு இருப்பதை புரோக்கா காட்டினார். அந்த நோயாளிக்கு வலக்கையும் வலக்காலும் செயலிழந்திருந்தன என்பது அட்டையில் இல்லை; பாடநூல்களிலும் பெரும்பாலும் அது ஒரு வரியோடு கடந்துபோகும். புரோக்கா அந்த மூளையை அறுக்காமல் பாதுகாத்து வைத்ததால், 2007-இல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க முடிந்தது. சிதைவு மேற்பரப்பு மடிப்போடு நின்றிருக்கவில்லை. உள்ளே மறைந்திருக்கும் இன்சுலா வரைக்கும், முன்னையும் பின்னையும் இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள் வரைக்கும் ஆழமாகச் சென்றிருந்தது. மஞ்சள் திட்டு மட்டும் சிதைந்தால் நிலையான பேச்சிழப்பு உண்டாவதில்லை என்று மருத்துவர்கள் 1970-களிலேயே எழுதிவிட்டார்கள். ஆயினும் மாதிரி செய்பவர்கள் இன்றும் திட்டுகளைத்தான் தீட்டுகிறார்கள்.

ஆரஞ்சுப் பட்டைக்கு வருகிறேன். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் ஏ.எல்.எஸ். நோயால் தெளிவாகப் பேச முடியாமற்போன ஒருவரின் மூளைப் புறணியில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நுண்மின்முனைகளைப் பதித்தார்கள். அவர் பேச முயலும்போது எழும் நரம்புச் சமிக்ஞைகளை நிமிடத்துக்கு 62 சொற்கள் என்ற வேகத்தில் எழுத்தாக மாற்ற முடிந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். மின்முனைகள் இரண்டு இடங்களில் பதிக்கப்பட்டிருந்தன: பாதி புரோக்கா பகுதியில், பாதி அதற்குச் சற்றுப் பின்னால், இயக்கப் பட்டையின் கீழ்முனையை ஒட்டிய முன்னியக்கப் புறணியில். பேச்சைப் படிக்கப் பயன்பட்ட தகவல் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது இடத்திலிருந்தே வந்தது. பேச்சுக்கென்றே பெயர் வாங்கிய முதல் இடத்தில் மிகக் குறைவாகவே இருந்தது. தூரிகை வழுக்கிய ஏதோ ஒரு தொழிலாளியின் கை, அட்டையை எழுதியவரைவிடச் சரியான இடத்தில் வண்ணத்தை வைத்துவிட்டது.

இதனால் பேச்சு என்பது வெறும் தசையசைவு என்று ஆகிவிடாது. ஒரு நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகளை நாக்கு, உதடு, தாடை, குரல்வளை, மூச்சு ஆகியவற்றின் ஒத்திசைவால் எழுப்புவது மனித உடல் செய்யும் மிக நுட்பமான இயக்கங்களுள் ஒன்று. அந்த இயக்கத்தைத் திட்டமிடும் இடமும் சொல்லைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் இடமும் வேலி போட்டுப் பிரிக்க முடியாதபடி அருகருகே வேலை செய்கின்றன என்பதே நான் சொல்ல வருவது. பேச்சு அப்ராக்சியா உள்ளவரிடம் இதை நேரில் காணலாம். தசைகளில் பலவீனம் இல்லை, சொல்லும் தெரியும். ஆனால் நாக்கு எங்கே போக வேண்டும் என்ற திட்டம் பிசகி, ஒரே சொல்லை மூன்று முறை சொன்னால் மூன்று விதமாகச் சொல்வார்.

வாங்குபவர்கள் ஏமாறக்கூடிய ஓரிடத்தை இங்கே குறிப்பிட வேண்டும். வலக்கை விழுந்தவருக்குப் பேச்சும் விழுவது, அசைவும் மொழியும் ஒன்று என்பதற்குச் சான்று என்று இந்த மாதிரியோடு வரும் கையேடு எழுதுகிறது. அது அவசர முடிவு. இரண்டும் சேர்ந்து விழுவதற்கு முதற்காரணம் குருதிக்குழாய். இடப்பக்க நடு மூளைத் தமனி ஒன்றே, கைக்கும் முகத்துக்கும் உரிய இயக்கப் புறணிக்கும் இரண்டு மொழிப் பகுதிகளுக்கும் குருதி தருகிறது. அது அடைபட்டால் அண்டைவீடுகள் எல்லாம் ஒன்றாக இருளும். கால் ஓரளவு தப்புவதும் அதனால்தான். காலுக்குரிய புறணிக்கு முன் மூளைத் தமனி தனியே குருதி கொண்டுவருகிறது. மாதிரியின் அடிப்பரப்பில் தமனிகள் சிவப்புக் கோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன; ஆனால் நடுத் தமனி, பொட்டு மடலை மேலுள்ள மடல்களிலிருந்து பிரிக்கும் சில்வியன் பிளவின் வாயில் நுழைந்ததோடு கோடு நின்றுவிடுகிறது. அது வெளியே வந்து மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் கிளைவிடுவதைக் காட்டியிருந்தால், நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்து நிமிடம் பேசுவதை ஒரே கோடு பேசியிருக்கும்.

மேல்துண்டின் வெட்டுமுகத்தில் ஒரு சிறு மனித உருவம் கோணல்மாணலாகப் படுத்திருக்கிறது. 1930-களிலிருந்து மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் ஒயில்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் புறணியை மின்முனையால் தொட்டுத் தொட்டு வரைந்த உடற்படம் அது: கால் உச்சியில், கை நடுவில், முகமும் நாக்கும் கீழே. மாதிரியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மாபெரும் கைக்குக் கீழேயே தடித்த உதடுகள் இருப்பதைப் பார்த்ததும் யாரும் விளக்கமில்லாமலே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கு தானாக வெளியே நீள்வதையும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டும் குழந்தையின் தாடை கூடவே அசைவதையும் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பெரிய பொருளைக் கையால் பற்றும்போது வாயும் கூடுதலாகத் திறக்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் அளந்து காட்டினார்கள். அந்த உருவம் உச்சியிலிருந்து அடிவரை ஒரே சீராக நீள்வதில்லை என்பது பின்னால் வந்த திருத்தம். கால், கை, வாய் ஆகியவற்றின் பகுதிகளுக்கு இடையிடையே, எந்த ஓர் உறுப்புக்கும் உரியதல்லாத, முழுச் செயலையும் திட்டமிடும் வலையமைப்புகளோடு தொடர்புடைய பகுதிகள் இருப்பதாக 2023-இல் மூளைப்படங்கள் காட்டின. மாதிரி அச்சான காலம் எனக்குத் தெரியும் என்பதால், இது இல்லாததைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

கையேட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 'ஒரு வினைச்சொல்லைக் கேட்டாலே அந்த உறுப்பின் மூளைப்பகுதி இயங்கும். ஆகவே அசைவே பொருள்' என்று அது தடித்த எழுத்தில் அறிவிக்கிறது. முதற்பாதிக்கு ஆதாரம் உண்டு. நாக்கு, கை, கால் ஆகியவற்றின் செயல்களைக் குறிக்கும் சொற்களை வெறுமனே வாசிக்கும்போது, அந்தந்த உறுப்பை அசைக்கும் பகுதியின் மீதோ அதை அடுத்தோ மூளைச் செயற்பாடு எழுவதை 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று படம்பிடித்தது. 'ஆகவே' என்ற சொல்லில்தான் கையேடு சறுக்குகிறது. உதைப்பதைப் பற்றி வாசிக்கும்போது காலின் பகுதி விழித்துக்கொள்வது, பொருள் புரிந்ததன் காரணமா விளைவா என்பதைப் படம் சொல்லாது. உடலை நோக்கிய செயலைச் சொல்லும் வாக்கியத்தைப் படித்தவர்கள் உடலை நோக்கிக் கையை அசைப்பதில் விரைவு காட்டுகிறார்கள் என்று 2002-இல் புகழ்பெற்ற சோதனை ஒன்று இருந்தது. பல ஆய்வகங்கள் சேர்ந்து, செய்முறையை முன்கூட்டியே பதிவுசெய்துகொண்டு அதைத் திரும்பச் செய்து 2022-இல் வெளியிட்டபோது அந்த விளைவு தோன்றவில்லை. குரங்குகளில் கண்டறியப்பட்ட, ஒரு செயலைத் தான் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் கண்ணாடி நரம்பணுக்களை வைத்து மொழியின் பிறப்பையே விளக்கும் பத்தியையும் நான் பென்சிலால் அடித்துவிட்டேன்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த எண்ணம் கவர்ச்சியாக இருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 'தொழில் புரிகிறார்' என்பதிலும் 'நீங்கள் சொல்வது புரிகிறது' என்பதிலும் வருவது ஒரே 'புரி'. செய்வதற்கும் விளங்குவதற்கும் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கையில் சிக்கியதுபோலப் பாடம் 'பிடிபடுகிறது'. வகுப்பில் இதைச் சொன்னால் முகங்கள் மலரும், நானும் சொல்வதுண்டு. ஆனால் அது மூளையைப் பற்றிய சான்று ஆகாது என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன்.

மாதிரியின் பெரிய குறை அதன் மூட்டில் இருக்கிறது. மேல்துண்டும் கீழ்த்துண்டும் பிரியும் கோடு சில்வியன் பிளவின் வழியே பின்னால் ஓடி, பிளவு முடிந்த பின்னும் நீள்கிறது. பொட்டு மடலிலிருந்து எழும்பி, பிளவின் பின்முனையைச் சுற்றி வளைந்து, நெற்றி மடலுக்குப் போகும் வில்வடிவ நரம்புக் கற்றை சரியாக இந்தக் கோட்டைக் கடக்கிறது. கேட்ட ஒலியை வாயசைவாக மாற்றுவதற்கு இன்றியமையாத பாதை அது. மாதிரியில் அந்த இடத்தில் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி வெட்டுமுகம் வெறும் வெள்ளை. நடுக்கோட்டு முகத்திலும் இதே வெறுமைதான். அங்கே உள்ள துணை இயக்கப் பகுதி செயலைத் தொடங்கிவைப்பது. கட்டியை அகற்றும் அறுவையில் அது பாதிக்கப்பட்டால், எதிர்ப்பக்கக் கைகால் அசைவோடு பேச்சும் சில நாட்களோ வாரங்களோ எழாமல் இருந்து, பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும். அசைவின் தொடக்கமும் பேச்சின் தொடக்கமும் ஓரிடத்தில் கைகோக்கும் இவ்வளவு தெளிவான எடுத்துக்காட்டுக்கு ஒரு துளி வண்ணம்கூட வைக்கவில்லை.

இணைப்புகளைக் காட்டாததன் விளைவை ஒரு நாள் நேரில் அனுபவித்தேன். வலக்கை மடங்கிய, இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராத ஒருவரை அவர் மனைவி அழைத்துவந்திருந்தார். மஞ்சள் திட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துண்டைக் கழற்றித் தம் மடியில் வைத்துக்கொண்டு, "இதுதான் கெட்டுப்போச்சுன்னா, நேத்து ராத்திரி இவரு பாட்டை மட்டும் வார்த்தை தப்பாம எப்படிப் பாடினாரு மேடம்?" என்று கேட்டார். மேசையில் இருந்த மூளையில் அதற்கு விடை இல்லை. வல அரைக்கோளத்தில் மொழியைக் குறித்து ஒரு நிறமும் இல்லாததால், சுட்டிக்காட்ட எனக்கு இடமே கிடைக்கவில்லை.

அவருக்குச் செய்து காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது. 1973-இல் பாஸ்டனில் உருவான இசையேற்றப் பயிற்சியில், அன்றாடத் தொடர் ஒன்றை உயர்ந்த, தாழ்ந்த என இரண்டே சுரங்களில் இழுத்துச் சொல்லி, அசைக்கு ஒருமுறை நோயாளியின் இடக்கையைத் தட்டுவோம். 'தண்-ணீர் வேண்-டும்': நான்கு அசை, நான்கு தட்டு. முதல் சில தடவை நோயாளியின் கை என் கைக்குள் கனத்துக் கிடந்தது. பிறகு தட்டுக்கு முன்னதாகவே விரல்கள் எழத் தொடங்கின. 'வேண்' வரும் நேரத்தில் உதடு கூடியது. இடக்கையை இயக்குவது வல அரைக்கோளம். சேதமடையாத அந்தப் பக்கத்தை இப்படி உசுப்பிவிடலாம் என்பது பயிற்சியின் எண்ணம். தீவிரமாகப் பயின்றபின் வலப்பக்க வில்வடிவக் கற்றையில் இழைகள் கூடின என்று 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் இருந்தவர்கள் ஆறே பேர். பாட்டைவிடத் தாளமும் பழகிப்போன சொற்றொடருமே உதவுகின்றன என்று 2011-இல் வேறோர் ஆய்வு வாதிட்டது. பழகிய தொடர்கள் திரும்புவதைப் போலப் புதிய பேச்சு எளிதில் திரும்புவதில்லை என்பதையும் அந்த மனைவியிடம் மறைக்கவில்லை. கையின் தாளம் வாய்க்கு வழிகாட்டியதை மட்டும் அவர் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

சிறுமூளைத் துண்டுகள் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். அட்டையில் 'சமநிலை' என்ற ஒரு சொல். மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இருப்பது இந்தச் சிறு உருண்டையில்தான். பெயர்ச்சொல் ஒன்றைக் கேட்டு அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லைச் சொல்லும்படி கேட்டபோது வலச் சிறுமூளை இயங்குவதை 1988-இலேயே படம்பிடித்துவிட்டார்கள். இட நெற்றி மடலோடு குறுக்கே பிணைந்திருப்பது வலச் சிறுமூளை. அடித்தள நரம்பு முடிச்சுகள் வெட்டுமுகத்தில் ஊதா நிறத்தில் இருக்கின்றன, பெயர் மட்டும் போட்டு விட்டுவிட்டார்கள். அவை சரியாக இயங்காத பார்க்கின்சன் நோயில் நடை சுருங்குவதுபோலக் குரலும் சுருங்குவதையும், செயலைக் குறிக்கும் வினைச்சொற்களில் இடறல் தோன்றுவதையும் கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கலாம்.

மாணவர்களுக்கு நான் இந்த மாதிரியை வைத்து நடத்தும் பாடத்தில் சைகை மொழிக்கு எப்போதும் இடமுண்டு. சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்ட காது கேளாதவர்களுக்கு இட அரைக்கோளம் சேதமடைந்தால் சைகைப் பேச்சிழப்பு வருகிறது. ஆனால் அவர்களுள் சிலரால் பல் துலக்குவதுபோல் நடித்துக் காட்டும் சாதாரணக் கையசைவைச் செய்ய முடிகிறது. கை அதே கைதான், மொழியாக அசையும்போது மட்டும் தடுமாறுகிறது. 'அசைவு' வேறு, 'பேச்சு' வேறு என்று எழுதிய அட்டையையும், அசைவே பொருள் என்று முழங்கும் கையேட்டையும் இந்த ஓர் எடுத்துக்காட்டால் ஒருசேரத் திருத்திவிடலாம். பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகள், கேட்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்திருந்தும் பேசும்போது கையை அசைக்கிறார்கள் என்ற 1998-ஆம் ஆண்டு ஆய்வையும் அதோடு சொல்வேன்.

வாங்கலாமா என்று கேட்டால், மடிப்புகளின் இடம் கற்க வேண்டிய முதலாண்டு மாணவருக்கு இது தாராளமாகப் போதும். நோயாளிகளின் வீட்டாருக்கு விளக்க வாங்குபவர்கள் ஒரு நூற்கண்டும் கறுப்புப் பேனாவும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வில்வடிவக் கற்றையின் பாதையில் தடித்த வெள்ளை நூலை ஒட்டியிருக்கிறேன். அடிப்பரப்பில் நின்றுபோன தமனியைப் பேனாவால் நீட்டி வரைந்திருக்கிறேன். நூல் ஒட்டியபின் கீழ்த்துண்டு முழுதாகக் கழன்று வருவதில்லை, பாதி திறந்து தொங்குகிறது. மாணவர்கள் அதை மாதிரியின் பழுது என்று நினைத்துச் சரிசெய்ய முயல்கிறார்கள். ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். கையேட்டுக்கு ஒன்று கூட இல்லை.

விற்பனையாளர் இறுதியில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எல்லை பிசகாமல் தீட்டப்பட்ட மாற்றுத் துண்டு நான்கு மாதங்களுக்குப் பின் வந்து சேர்ந்தது. அது உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.